காலுக்கு வாசிப்பதும் சொல்லுக்கு வாசிப்பதும்

1949ஆம் ஆண்டின் இறுதியில் தமாசோ பெரெஸ் பிராதோ என்ற கியூபப் பியானோக் கலைஞர், மெக்சிகோ நகரில் தம் நடன வாத்தியக்குழுவை வைத்து ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்குச் சில இசைத்தட்டுகளைப் பதிவுசெய்து கொடுத்தார். அவற்றில் ஒன்று ‘மாம்போ நம்பர் 5’. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில், சி.ஆர். சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பாலக்காட்டு இளைஞருக்கு வயது இருபதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள். பெயர் எம்.எஸ். விஸ்வநாதன். ஒருவருக்கு நடன அரங்கு, மற்றவருக்குத் திரைப்படம். ஆனால் இருவரும் பின்னாளில் செய்த தொழில் ஒன்றுதான்: சுரக்கட்டையில் விரல் வைத்தபடி ஒரு கூட்டத்தையே கட்டி மேய்ப்பது.

கியூப நடன இசையிலிருந்து தமிழ்த் திரையிசை எதையெல்லாம் எடுத்தது என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பாட்டு அந்தப் பாட்டின் நகல் என்று பட்டியல் போடுவதும் எளிது. எடுத்ததைவிட, எடுக்காமல் விட்டதைப் பார்த்தால்தான் விஸ்வநாதன் என்ற குழுத்தலைவரின் தனித்தன்மை புரியும் என்பது என் கணிப்பு. அதற்கு முதலில் கியூபாவில் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

அங்கே ஜோடி நடனத்துக்கான ‘தான்சோன்’ இசையை வாசித்த குழுக்களில் புல்லாங்குழலும் வயலினும் முன்னே நின்றன. அந்தக் குழுவுக்குள் பியானோவுக்கு நிலையான இடம் வாங்கிக் கொடுத்தவர் அந்தோனியோ மரியா ரொமேயு (1876–1955). அவருக்குப் பிறகு பியானோக்காரரே குழுத்தலைவராக இருப்பது வழக்கமான காட்சியாகிவிட்டது. கியூபாவுக்கு வெளியே அந்தக் காட்சியைக் கொண்டுபோனவர் டான் அஸ்பியாசு. ஹவானாவின் காசினோவில் வாசித்துவந்த அவருடைய குழு 1930இல் நியூயார்க் போய் ‘எல் மனிசெரோ’ என்ற பாட்டைப் பதிவுசெய்தது. அந்தோனியோ மச்சின் பாடினார். இயற்றிய மொய்செஸ் சிமோன்ஸும் பியானோக்காரர், குழுத்தலைவர். அமெரிக்காவில் ரும்பா மோகத்தைக் கிளப்பிவிட்டது அந்த இசைத்தட்டுதான். பாட்டின் பொருளை நிலக்கடலைக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் ரசிப்பார்கள்: தெருவில் கடலை விற்பவன் கூவிக்கொண்டு போவதுதான் முழுப் பாட்டும். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் அமர்வது அமெரிக்காவில் வழக்கமில்லாத காலத்தில், அஸ்பியாசுவின் குழுவில் இரு நிறத்தாரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரெஸ் பிராதோ அடுத்த தலைமுறை. 1916இல் மத்தான்சாஸ் நகரில் பிறந்தவர். 1940களில் ஹவானாவுக்கு வந்து ‘காசினோ தெ லா பிளாயா’ குழுவில் பியானோ வாசித்தார், இசைக்கோப்பும் செய்தார். பிறகு மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்தார். மாம்போவை முதலில் உண்டாக்கியவர் அவர் அல்லர். ஒரெஸ்தெஸ் லோபெஸ் 1938இலேயே அந்தப் பெயரில் ஒரு தான்சோனை எழுதிவிட்டார். பிராதோ செய்தது, ட்ரம்பெட்டுகளை உச்சத்திலும் சாக்ஸபோன்களை அடியிலும் வைத்து, நடுவில் தாளக் கருவிகளைக் கொதிக்கவிட்டது. இடையிடையே அவரே ஓர் உறுமல் உறுமுவார். பாட்டுக்குப் பாட்டு அந்த உறுமல் அவருடைய கையெழுத்தாகிவிட்டது. 1955இல் அவருடைய ‘செர்ரி பிங்க்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 1958இல் ‘பத்ரிசியா’, அதை ஃபெலினி 1960இல் ‘லா தோல்சே வீத்தா’ படத்தில் எடுத்தாண்டார். 1989இல் மெக்சிகோ நகரிலேயே பிராதோ காலமானார்.

இந்தக் குழுக்களின் உள்ளே இருந்த இயந்திரம் ‘கிளாவே’ என்னும் தாளக்கட்டு. வைரம் பாய்ந்த இரண்டு குச்சிகளை ஒன்றோடொன்று தட்டுவார்கள். பதினாறு எண்ணிக்கையில் ஐந்தே தட்டு: ஒன்று, நான்கு, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. நம் சொற்கட்டில் ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று சொல்லி ஒவ்வொரு சொல்லின் தலையிலும் தட்டினால் அதுவே வந்துவிடும். முதல் பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு. முன்பாதி இழுக்கும், பின்பாதி இளைப்பாற்றும். பாட்டு முடியும்வரை இந்த ஐந்து தட்டும் மாறாது. குச்சி கையில் இல்லாவிட்டாலும் எல்லாரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். பியானோக்காரரின் இடக்கையும் வலக்கையும் ஒரே உருவை எட்டுச்சுர இடைவெளியில் திரும்பத் திரும்ப வாசிக்கும். பாஸ் கருவி முதல் தட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து விழும். பாட்டின் பின்பகுதியான ‘மோந்துனோ’வில் பாடகரும் குழுவினரும் மாறி மாறிப் பாட, அந்தப் பகுதி எவ்வளவு நேரம் போகும் என்பது ஆடுகிறவர்களின் கையில் இருக்கிறது, காலில் என்று சொல்வதே சரி. அவர்கள் சளைக்காதவரை தலைவர் நிறுத்த மாட்டார்.

இந்த மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு கணக்கைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்க இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் இதே ஊர்க் கோபுர நிழலில் இருந்து அருணகிரிநாதர் திருப்புகழ் பாடினார். கம்பத்திளையனார் சந்நிதியும் கிளி கோபுரமும் இன்றும் அவர் கதையைச் சொல்கின்றன. நமக்குக் கிடைத்திருக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் ‘தனதன’, ‘தத்தன’, ‘தந்தன’ என்று அவர் அடுக்கிய சந்தங்களில் ஒற்றைப்படைக் கூறுகளும் இரட்டைப்படைக் கூறுகளும் படும் பாட்டை ஓதுவார்கள் நாள்தோறும் வாயால் காட்டுகிறார்கள். அருணகிரிநாதருக்கும் ஹவானாவுக்கும் முடிச்சுப் போடுவதாக எண்ண வேண்டாம். அப்படிப்பட்ட ஆய்வுகளைக் கண்டால் எனக்கும் அச்சம்தான். சொல்ல வருவது வேறு. சந்தத்தில் தாளம் தனியாக வெளியே நிற்பதில்லை. குறிலும் நெடிலும் வல்லொற்றும் மெல்லொற்றும் சேர்ந்து சொல்லே தாளத்தை உண்டாக்குகிறது. மத்தளம் இல்லாவிட்டாலும் திருப்புகழுக்குத் தாளம் உண்டு. கிளாவேக்கோ சொல் தேவையே இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கியூப இசை கோடம்பாக்கத்துக்கு வந்தபோது என்ன ஆனது என்பது விளங்கும்.

அது நேராக வரவில்லை. லண்டனில் எட்முண்டோ ராஸ் என்ற டிரினிடாடுக்காரர் நடத்திய குழுவின் இசைத்தட்டுகள் பம்பாய்க்கு வந்தன. அங்கே ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் வாசித்த கோவா கிறிஸ்தவக் கலைஞர்கள் அவற்றை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பகலில் அதே கலைஞர்கள் இந்திப் படங்களுக்கு வாசிக்கப் போனார்கள். ட்ரம்பெட் கலைஞர் சிக் சாக்லெட் துணையோடு சி. ராமச்சந்திரா ‘சமாதி’ (1950), ‘அல்பேலா’ (1951) படங்களில் ரும்பாவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். அதே ராமச்சந்திராதான் பின்னர் எஸ்.எஸ். வாசனின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்துக்கு இசையமைக்கச் சென்னை வந்தவர். சென்னையிலும் கிளப்புகளில் வாசிக்க ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் இருந்தார்கள்.

தென்னிந்தியத் திரையிசையில் லத்தீன் அமெரிக்கத் தாளங்களைத் துணிந்து நுழைத்தவர் என்ற பெயர் சுப்பராமனுக்கு உண்டு. ஆர்மோனியத்தில் அசகாய சூரர். எச்.எம்.வி.யில் பதின்வயதில் தொழில் தொடங்கி, இசையமைப்பாளராகி, ‘தேவதாஸ்’ வேலை நடந்துகொண்டிருந்தபோது 1952இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் குழுவில் வயலின் வாசித்தவர் திருச்சி டி.கே. ராமமூர்த்தி. ஆர்மோனியம் விஸ்வநாதன். தலைவர் போனபின் பாக்கி வேலையை இருவருமாக முடித்துக் கொடுத்தார்கள். என்.எஸ். கிருஷ்ணன் தம் ‘பணம்’ (1952) படத்தில் இருவர் பெயரையும் இணைத்துப் போட்டார். அந்த இணைப்பு ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) வரை நீடித்தது. 1963இல் திருவல்லிக்கேணி கல்சுரல் அகாடமி விழாவில் சிவாஜி கணேசன் அவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம் கொடுத்தார்.

விஸ்வநாதனின் தொடக்கம் பலரும் அறிந்ததுதான்: 1928இல் எலப்புள்ளியில் பிறப்பு, சிறுவயதில் தந்தையின் மறைவு, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டு, கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை, எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் பார்வையில் படுதல். அவர் வளர்த்த குழுவைப் பற்றித்தான் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், கிடாருக்கு பிலிப்ஸ், மேற்கத்திய இசைக்கோப்புக்கு ஹென்றி டேனியல், பறவை விலங்குச் சத்தங்களுக்கு சதன். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டுவார், வாயால் பாடிக் காட்டுவார். உதவியாளர்கள் அதை எழுத்தாக்கி ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். கர்நாடக சங்கீத வயலின்காரரும் கிளப்பில் வாசித்துப் பழகிய டிரம்மரும் ஒரே கையசைப்புக்குக் கட்டுப்பட்ட இடம் அந்த ஒலிப்பதிவுக் கூடம். அஸ்பியாசுவின் மேடையை நினைத்துக்கொள்ளலாம்.

இனி பாட்டுக்கு வருவோம். ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தில் ‘அன்று வந்ததும்’ என்ற பாட்டு. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடுவது. அடியில் ஓடும் நடை கியூபாவின் ‘சச்சச்சா’. கியூபாவில் இந்த வகையை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் என்ரிக்கே ஹோர்ரின் என்ற வயலின் கலைஞர். மாம்போவின் குறுக்கு வெட்டுகளுக்கு ஆட முடியாமல் சாதாரண ஜனங்கள் தடுமாறுவதைக் கண்டு, தட்டை நேராக்கி எளிமைப்படுத்தினார். ஆடுகிறவர்களின் செருப்பு தரையில் மூன்று முறை உரசும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. ஆக, அங்கே அது பாதத்தின் ஓசை. தமிழுக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்றால், அந்த மூன்று உரசலையும் பாடகர்கள் வாயால் பாடுகிறார்கள். வரி முடிகிற இடத்தில் ஒரு சொல்லாக, ஏறத்தாழ இயைபாக வந்து உட்கார்கிறது ‘சச்சச்சா’. நிலாவைப் பற்றிய கண்ணதாசன் வரிகளுக்கு அது ஒரு முத்தாய்ப்பு. காலிலிருந்து நாக்குக்கு ஏறிவிட்டது தாளம். ஒரு கியூபக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். திருப்புகழ் ஓதுகிறவர் வியக்க மாட்டார்.

இது தற்செயல் அன்று, வேலை நடந்த முறையே அப்படி. மெட்டு முதலில் பிறந்தால் இசையமைப்பாளர் கவிஞருக்குத் தத்தகாரம் சொல்வார். ‘தன தானன தன தானன’ என்று ஆர்மோனியத்தோடு அவர் பாட, கவிஞர் அந்த அச்சுக்குள் சொல்லை ஊற்றுவார். வெளியிலிருந்து வந்த எந்தத் தாளமும் முதலில் இந்தத் தத்தகாரத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். நுழையும்போதே அது அசை எண்ணிக்கையாக, சந்தமாக மாறிவிடுகிறது. மூன்று மூன்று இரண்டு என்ற முன்பாதிக் கட்டு சுலபமாக மாறியது, ஏனென்றால் ‘தகிட தகிட தக’ என்பது நம் காதுக்குப் பழையது. இரண்டு பாதியும் சேர்ந்த முழுக் கிளாவே வரவில்லை. வர முடியாது என்றே சொல்லலாம். பதினாறு எண்ணிக்கைக்கு ஒருமுறை எல்லாரும் அதே இடத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயம், சொல்லை நீட்டவும் நிறுத்தவும் குழையவும் விரும்புகிற பாடகருக்கு விலங்கு. பாங்கோஸ் வந்தது, மராக்காஸ் வந்தது, ட்ரம்பெட்டின் உச்சம் வந்தது; குச்சி இரண்டும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டன.

‘புதிய பறவை’ (1964) படத்தின் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இன்னும் நல்ல சான்று. மெக்சிகோவின் பாப்லோ பெல்த்ரான் ரூயிஸ் 1953இல் வெளியிட்ட ‘கியென் செரா’வோடு இதை ஒப்பிடாத இசை ரசிகர் இல்லை. சாயல் இருக்கிறது, மறுப்பானேன்? ஆனால் படத்தில் சௌகார் ஜானகி மேடையில் பாடும் அதே மெட்டு, பின்னர் சோக வடிவத்திலும் திரும்பி வருகிறது. முதலில் மயக்கியது, பிறகு குத்திக்காட்டுகிறது. ஆட்டத்துக்கென்று செய்த மாம்போ இப்படி மனம் மாறாது. ஆட்டம் நின்றால் அதற்கு வேலை முடிந்தது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி கையில் அந்த மெட்டுக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருப்பதால், நடனம் கழன்று விழுந்தாலும் கேள்வி மிஞ்சுகிறது. நகல் என்று ஒதுக்குகிறவர்கள் இரண்டாம் வடிவத்தைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

1964 அவர்களுக்குப் பொன்னான ஆண்டு. ‘காதலிக்க நேரமில்லை’யும் அதே ஆண்டு, ‘சர்வர் சுந்தர’மும் அதே ஆண்டு. ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டின்போது ஒலிப்பதிவுக் கூடத்தையே திரையில் காட்டினார்கள். கிருஷ்ணன் – பஞ்சு எடுத்த படம். விஸ்வநாதன் நின்று கையை வீசுகிறார், சௌந்தரராஜன் மைக் முன்னால், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். இன்னோரிடத்தில் நாகேஷ் ஆடுகிறார். அந்தக் கால்களுக்கு ஈடு சொல்ல ஆள் இல்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வாசிக்கிறவர் ஆடுகிறவரைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. பாட்டு முதலில் பதிவாகும். ஆட்டம் பிறகு வேறொரு தளத்தில், வேறொரு நாளில். ஹவானாவில் பியானோவிலிருந்து தலையை நிமிர்த்தினால் தெரிவது நடனத்தரை. இங்கே தலைவர் நிமிர்ந்தால் தெரிவது பாடகரின் உதடு. பின்னணி இசை என்ற ஏற்பாடே காலையும் காதையும் பிரித்துவைத்துவிட்டது. மோந்துனோ போல நினைத்தபடி நீள்வதற்கும் இடமில்லை; இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பல்லவியும் சரணங்களும் அடங்கியாக வேண்டும். ஆட்டத்துக்கு என்று மிஞ்சியது இடையிசை மட்டும். சில நொடிகளே கிடைக்கும் அந்த இடையிசையில் விஸ்வநாதன் கொட்டி வைத்த சரக்கைப் பார்த்தால், அவருக்கு நடனக் குழு ஒன்றை நடத்தும் ஆசை உள்ளுக்குள் இருந்திருக்குமோ என்றுகூடத் தோன்றும். ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) படத்தில் பாலசந்தர் அவருக்கு அப்படியொரு வாய்ப்பைக் கொடுத்தார்: ஊர் ஊராகப் போகும் இசைக்குழுவைப் பற்றிய கதை, அதில் ஒரு பாட்டில் விஸ்வநாதனின் குரலே. பிராதோவின் உறுமலைப் போல, அந்த உச்சஸ்தாயிக் குரலும் ஒரு கையெழுத்து. 2015 ஜூலையில் அவர் மறைந்தபோது செய்தி அலைவரிசைகள் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிய குரல்களில் அதுவும் இருந்தது.

காலுக்கு வாசிக்கும் மரபு தமிழில் இல்லாமல் போகவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. கண்ணப்பத் தம்பிரான் வழி வந்த தெருக்கூத்து. வேடக்காரர் கிறுக்கை அடித்துச் சுழல ஆரம்பித்தால் மிருதங்கக்காரர் கண் அவர் காலைவிட்டு அகலாது. சுற்று முடிந்து பாதம் ஊன்றும் கணத்தில்தான் தீர்மானம் விழ வேண்டும். ஆர்மோனியமும் முகவீணையும் அதுவரை ஒரே உருவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். மோந்துனோவுக்கு இதைவிடக் கிட்டத்து உறவு நம்மிடம் இல்லை. ஆனால் திரையிசை கூத்திலிருந்து வரவில்லை. நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. அங்கே ராஜபார்ட்டின் பாட்டுக்குத்தான் மரியாதை.

இரண்டும் சந்திக்கும் இடம் மெல்லிசைக் கச்சேரி. ஏ.வி. ரமணனின் மியூசியானோ, லக்ஷ்மன் ஸ்ருதி போன்ற பெரிய குழுக்களைப் பார்த்துப் பிறந்த எத்தனையோ சின்னக் குழுக்கள் ஆடி மாதத்து மாரியம்மன் கோயில்களில், கல்யாண மண்டபங்களில் வாசிக்கின்றன. வடமாவட்டங்களில் இந்தத் தொழில் நன்றாகவே ஓடுகிறது. அங்கே மேடைக்கு முன்னால் உண்மையாகவே ஆடுகிறார்கள். ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் பாட்டு நீள்கிறது. பையன்கள் ஆடி ஓயும்வரை ரிதம் பேட்காரர் விடமாட்டார். பெரும்பாலும் குழுவின் தலைவரே கீபோர்டுக்காரர். வேலையின் வகையைப் பார்த்தால் அஸ்பியாசுவுக்கும் பிராதோவுக்கும் நேர் வாரிசு கோடம்பாக்கத்து இசையமைப்பாளர் அல்லர், இவர்தான்.

அந்தக் கீபோர்டில் ‘ஸ்டைல்’ என்றொரு வரிசை உண்டு. ரும்பா, மாம்போ, சச்சச்சா, பெகின், சால்சா என்று பெயர் போட்டிருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு இடக்கையால் ஒரு கார்டைப் பிடித்தால் பாஸும் பாங்கோஸும் தாமாகவே ஓடும். ஒரு வாத்தியக்குழுவின் தொழில் முழுவதும் ஒரு சில்லுக்குள் போய்விட்டது. குத்துப்பாட்டு வரிசைக்கு இடையில் பழைய பாட்டு கேட்டுத் துண்டுச் சீட்டு வந்தால், ‘அன்று வந்ததும்’ பாட்டுக்கு அந்தப் பொத்தான் சரியாகவே பொருந்தும். ஆனால் விஸ்வநாதன் பாட்டு பலவற்றுக்குத் தேர்ந்த கலைஞர்கள் அதைத் தொடுவதில்லை. தொகையறாவில் பாடகர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பொத்தானுக்கு நிற்கத் தெரியாது. ஆகவே இயந்திரத்தை அணைத்துவிட்டு, தபலாக்காரருக்குக் கண் ஜாடை காட்டி, கையாலேயே வாசிப்பார்கள்.